நாலு மடங்கு

ஒரு தடவை நடந்ததை மூன்று தடவை நடந்ததாக எழுதச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ஏஞ்சல் மேரிக்கு வந்தது. வந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் மாதக்கணக்கில் சுமந்துகொண்டிருந்தாள். சொன்னவர் அவளுடைய கைடு, டாக்டர் நல்லுசாமி. அவர் கையெழுத்துப் போட்டால் இவளுக்கு டாக்டர் பட்டம். போடாவிட்டால் ஆறு வருஷ உழைப்பு பழைய பேப்பர் கடைக்கு. பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கடைசிக் கெடு ஜூன் முப்பது. அதற்குள் ஆய்வுச் சுருக்கம் போய்ச் சேராவிட்டால் பதிவே ரத்து. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் ஒரு தனியார் கல்லூரி. அதில் பயோடெக்னாலஜி துறை, இரண்டாவது மாடி. வரதராசன்பேட்டையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மரிய செல்வத்தின் மகள் ஏஞ்சல் மேரி, ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வருஷம் எறையூர்ப் பக்கம் கரும்புக் கொல்லைகளில் இறங்கி, தோகைகளை வெட்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தாள். முழங்கை வரைக்கும் தோகை அறுத்த கீறல். அந்தத் தோகைகளின் மேல் குடியிருந்த ஒரு ஈஸ்ட்தான் அவளுடைய ஆராய்ச்சி.

ஈஸ்ட் என்றதும் பேக்கரியை நினைக்க வேண்டாம். இது வேறு. கரும்புத் தோகையில் மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். அதன் மேல் பிழைக்க வேண்டிய ஈஸ்ட், தானே ஒரு சோப்பு மாதிரியான பொருளைச் சுரந்து, அதைப் பூசிக்கொண்டு பரவுகிறது. ஆகாத இரண்டு பங்காளிகளான எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும் அந்தப் பொருளுக்குப் பயோசர்ஃபேக்டன்ட் என்று பெயர். மண்ணைக் கெடுக்காது, மக்கிப் போகும். அதனால் கம்பெனிக்காரர்கள் இதற்கு அலைகிறார்கள். ஆனால் ஈஸ்ட் லேசில் கொடுக்காது.

அந்தச் சோப்பைச் செய்ய ஈஸ்ட்டுக்குள் ஐந்து மரபணுக்கள் அடுத்தடுத்து வரிசையாக இருக்கின்றன. நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும் வரை ஈஸ்ட் தின்று தின்று பெருகிக்கொண்டே இருக்கும், ஐந்தும் தூங்கும். நைட்ரஜன் குறைந்து எண்ணெய் மட்டும் மிஞ்சினால் விழித்துக்கொள்ளும். இதுவரை உலகத்துக்குத் தெரிந்ததுதான். நல்லுசாமி சொன்ன புதுச் சரக்கு வேறு. இந்த ஐந்துக்கும் பிரேக் போடுகிற ஒரு மரபணு இருக்கிறது, அதை வெட்டி எடுத்துவிட்டால் நைட்ரஜன் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சோப்பு கொட்டோ கொட்டென்று கொட்டும் என்றார். சொல்வது சுலபம். வெட்டி எடுத்தவள் ஏஞ்சல் மேரி. அதற்கு இரண்டரை வருஷம் ஆனது. வெட்டிய ஈஸ்ட்டுக்கு அவர் தன் பெயரின் எழுத்துகளைப் போட்டு 'என்.எஸ்-7' என்று நாமகரணம் செய்தார். ஏழு எதற்கென்றால், அது அவருடைய ராசி எண்ணாம்.

போன அக்டோபரில் அந்த ஈஸ்ட்டை ஐந்து லிட்டர் ஃபெர்மென்டரில் வளர்த்தாள். அது ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. கலக்குவதற்கு உள்ளே ஒரு கம்பி, காற்றுக்கு ஒரு குழாய், நைட்ரஜன் கரைசலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுவதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பம்ப். எல்லாம் தானாக ஓடும். வெள்ளியும் சனியும் ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை, அடுத்தது ஞாயிறு. வியாழக்கிழமை எல்லாவற்றையும் ஓடவிட்டுவிட்டு வரதராசன்பேட்டைக்கு பஸ் ஏறினாள். நல்லுசாமி அப்போது மலேசியாவில் ஒரு மாநாட்டில் இருந்தார்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஜாடியின் அடியில் விரல்கடை உயரத்துக்குச் சோப்பு தேன் நிறத்தில் படிந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் கரைத்து பிளாஸ்டிக் தாளில் வைத்தாள். சாதாரணத் தண்ணீர் முத்து மாதிரி உருண்டு நிற்கும். இது வைத்த மாத்திரத்தில் தட்டையாகப் படுத்துவிட்டது. அளந்து பார்த்தால் வழக்கத்தைவிட நாலு மடங்கு. அவள் அன்றைக்கு ஹாஸ்டலில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள்.

மலேசியாவிலிருந்து இறங்கிய நல்லுசாமி ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. பெரம்பலூர்ப் பேராசிரியர் மரபணுவை மாற்றிச் சாதனை என்று கொட்டை எழுத்து. படத்தில் ஃபெர்மென்டரின் மேல் கை வைத்தபடி நின்றார். அதை எப்படி ஆன் செய்வது என்று அவருக்குத் தெரியாது என்பதைப் படம் சொல்லவில்லை. ஏஞ்சல் மேரியின் பெயர் செய்தியில் இல்லை. "மாணவியின் உதவியுடன்" என்று மட்டும் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை என்று அப்போது நினைத்தாள், பாவம்.

ஆராய்ச்சியில் ஒரு தடவை வந்தது கணக்கில்லை. மூன்று தடவை வர வேண்டும். நவம்பரில் மறுபடியும் ஓட்டினாள். ஜாடியின் அடியில் வழக்கமான அளவுதான். டிசம்பரிலும் அதேதான். ஜனவரியில் விடுமுறையே எடுக்காமல் ஜாடியின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டினாள், இம்மியும் கூடவில்லை. நாலு மடங்கு வந்த வழியே போய்விட்டது.

நல்லுசாமி முதலில் அவள் கையைக் குறை சொன்னார். சிலருக்குக் கைராசி கிடையாது என்றார். பிறகு வளர்ப்பைக் குறை சொன்னார். கவனம் வேறெங்கோ இருக்கிறது, கல்யாண ஆசை வந்துவிட்டால் ஆராய்ச்சி ஓடாது என்று மற்ற மாணவர்களை வைத்துக்கொண்டு சொன்னார். அந்தச் சொல் அவளுக்கு இன்றைக்கும் எரிகிறது. ஒரு நாள் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத் தணிந்த குரலில் வழி காட்டினார். முதல் தடவை வந்த எண்ணை எடுத்துக்கொள், இரண்டு புள்ளி கூட்டி ஒன்று, மூன்று புள்ளி குறைத்து ஒன்று போடு, மூன்று ஆகிவிடும். ஊரில் எல்லாரும் செய்வதுதான். கம்பெனிக்காரன் ஒப்பந்தத்தோடு வருகிறான், நீ போய் தர்மம் பேசாதே.

அவள் செய்யமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த நாற்காலிக்கு எதிரே நின்று அப்படிச் சொல்வது அவ்வளவு லேசில்லை. "பார்க்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து கழிவறையில் முகத்தைக் கழுவிக்கொண்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இரண்டரை வருஷம் தூக்கம் கெட்டு வெட்டி எடுத்த மரபணு. பொய் எழுதினால் அந்த இரண்டரை வருஷமும் பொய்யாகிவிடும். இது ஏன் அந்த மனுஷனுக்குப் புரியவில்லை என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அன்றைக்குத்தான் அக்டோபர் நோட்டை நூறாவது தடவையாக எடுத்துப் புரட்டினாள். வெப்பம் சரி, காற்று சரி, கலக்கிய வேகம் சரி. கடைசிப் பக்கத்தில் அவள் கையாலேயே எழுதிய ஒரு வரி: நைட்ரஜன் பாட்டிலில் மிச்சம் இருநூற்று இருபது மில்லி. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பம்ப் மணிக்குப் பத்து மில்லி விடும். கணக்குப்படி நாற்பதுதான் மிஞ்ச வேண்டும். நூற்று எண்பது மில்லி அதிகமாக மிஞ்சியிருக்கிறது. அப்படியானால் பம்ப் பதினெட்டு மணி நேரம் ஓடவில்லை. பால்கோவா வாங்குகிற அவசரத்தில், எழுதிய கையே அதை யோசிக்காமல் விட்டிருக்கிறது.

கரன்ட் போனதா என்றால் போகவில்லை. போயிருந்தால் கலக்குகிற கம்பியும் நின்றிருக்கும். பம்ப்பை மட்டும் யாரோ நிறுத்தி, யாரோ திரும்பப் போட்டிருக்கிறார்கள். விடுமுறையில் ஆய்வகத்துக்குச் சாவி வைத்திருப்பது ஒரே ஆள், கொளஞ்சி.

கொளஞ்சி ஆய்வக உதவியாளர். குன்னத்துக்காரர். பத்தொன்பது வருஷமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார். கண்ணாடிச் சாமான் கழுவுவது, டீ வாங்கிவருவது, பூஜை போடுவது எல்லாம் அவர்தான். ஊரில் இரண்டு ஏக்கர் மானாவாரி. வருஷம் விட்டு வருஷம் பருத்தியும் மக்காச்சோளமும். ஏஞ்சல் மேரி அவரை அண்ணன் என்பாள்; அவர் அவளைப் பாப்பா என்பார்.

அவள் கேட்டதும் அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியாது.

"நான்தான் பாப்பா நிறுத்தினேன். ஆயுத பூஜையாச்சே. சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சுப் படையல் போட்டுட்டேன். படையல் போட்ட கருவிய மறுபூசை வரைக்கும் ஓட்டக் கூடாதுல்ல. மறுநாள் பத்து மணிக்கு வந்து சூடம் காட்டிட்டுத் திருப்பிப் போட்டேன்."

அப்படியானால் ஃபெர்மென்டரை மட்டும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டாள்.

"அது எப்படி நிறுத்தறது? அதுக்குள்ள உசுரு கெடக்குது, காத்து இல்லன்னா செத்துப் போவும்னு நீதானே சொன்ன. உசுரு இருக்கறது கருவி இல்ல பாப்பா. இந்தச் சின்ன மோட்டாருதான் கருவி. அத நிறுத்தினேன்."

ஏஞ்சல் மேரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பனம்பழம் ஏன் விழுந்தது என்று இப்போது சோதித்துப் பார்க்க முடியும். இரண்டு ஜாடிகளில் வளர்த்தாள். ஒன்றில் மரபணு வெட்டிய ஈஸ்ட், மற்றதில் கரும்புத் தோகையிலிருந்து வந்தபடியே வெட்டாத ஈஸ்ட். அதே நேரத்தில் பம்ப்பை நிறுத்தி, பதினெட்டு மணி நேரம் கழித்துத் திரும்பப் போட்டாள். இரண்டிலும் நாலு மடங்கு. மறுபடியும் செய்தாள், மூன்றாவது தடவையும் செய்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டிலும் நாலு மடங்கு. திருச்சிக்கு பஸ் ஏறி, அங்கே ஒரு ஆய்வகத்தில் கெஞ்சி இடம் வாங்கி, ஐந்து மரபணுக்களும் எப்போது விழித்தன என்று அளந்தாள். பம்ப் நின்ற நாலாவது மணி நேரத்தில் ஐந்தும் விழித்துக்கொண்டிருந்தன. திரும்பப் போட்ட பிறகும் ஒன்றரை நாள் தூங்கவில்லை.

முழுக்கப் பட்டினி போட்டால் ஈஸ்ட் வளராது. ஓயாமல் ஊட்டினால் சுரக்காது. நன்றாக வளரவிட்டு, நடுவில் ஒரு பொழுது நிறுத்தி, மறுபடியும் கொடுத்தால் சுரக்கிறது. நல்லுசாமி சொன்ன பிரேக் மரபணுவுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. இதைக் கொளஞ்சியிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. யூரியாவை அள்ளிப் போட்டால் பருத்தி தழைத்துக்கொண்டே போகும், காய் பிடிக்காது, இது குன்னத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார்.

இது நாலு மடங்கைவிடப் பெரிய விஷயம் என்று ஏஞ்சல் மேரிக்குத் தெரியும். மரபணுவையே தொடாமல், காசு செலவில்லாமல் கிடைக்கிற வழி. நல்லுசாமி சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தாள். வெகுளி என்று சொல்வதா, ஆறு வருஷமாகியும் ஆளைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்வதா, தெரியவில்லை.

மே மாதம் அவர் அறைக்குப் போய் எல்லா வரைபடங்களையும் மேஜை மேல் பரப்பினாள். கொளஞ்சி பம்ப்பை நிறுத்திய கதையையும் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: இது வேறு யாருக்குத் தெரியும்? அவர் கண்ணுக்கு அந்தத் தாள்களில் ஈஸ்ட் தெரியவில்லை. பேப்பரில் வந்த படமும் கம்பெனிக்காரனும்தான் தெரிந்தார்கள். வெட்டாத ஈஸ்ட்டின் கணக்கு ஆய்வேட்டில் வரக்கூடாது என்றார். அந்த வரைபடங்களை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள்.

அதோடு விட்டாரா? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மறுநாள் கொளஞ்சி கையில் ஒரு கவரைக் கொடுத்தார்கள். உள்ளே இங்கிலீஷில் ஒரு மெமோ. அதை எடுத்துக்கொண்டு அவர் ஏஞ்சல் மேரியிடம்தான் வந்தார். அவள் வாசித்துச் சொன்னாள். 'நான் வெளிநாட்டில் இருந்த சமயத்தில், யாருடைய அனுமதியும் இல்லாமல், ஆராய்ச்சிக் கருவியை நிறுத்தி ஆய்வுக்குச் சேதம் விளைவித்ததற்காக உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது' என்று கேட்டிருந்தது. கீழே நல்லுசாமியின் கையெழுத்து. கொளஞ்சி மெமோவை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பத்தொன்பது ஆயுத பூஜை போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட யாரும் கூடாது என்று சொன்னதில்லை என்று மட்டும் சொன்னார்.

இவளுடைய ஆராய்ச்சியால் அவர் வேலைக்கு ஆபத்து. அன்று இரவு அவளால் சாப்பிட முடியவில்லை. அப்பாவுக்கு போன் செய்தாள். மரிய செல்வம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பட்டம் இல்லாமல் வந்தாலும் வீட்டில் சோறு இருக்கிறது, பொய் எழுதிவிட்டு வந்தால் நீ சாப்பிட மாட்டாய், எனக்குத் தெரியும் என்றார். அவ்வளவுதான் பேசினார்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி, ஆய்வுக் குழுக் கூட்டம். குழுவில் மூன்று பேர். கைடு நல்லுசாமி, திருச்சியிலிருந்து பேராசிரியர் சசிகலா, அரியலூரிலிருந்து பேராசிரியர் இளவரசன். மாணவி தன் முடிவுகளைத் திரையில் காட்ட வேண்டும். குழு திருப்தியடைந்தால் ஒரு படிவத்தில் கையெழுத்து. 'இதில் உள்ளவை யாவும் உண்மை' என்று முதலில் மாணவி போட வேண்டும், அதன் கீழே கைடு, அதன் கீழே மற்ற இருவர். அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

மரபணுவை வெட்டியதால்தான் மூன்று தடவையும் வந்தது என்று காட்டு என்று நல்லுசாமி காலையிலும் ஒரு முறை சொல்லியிருந்தார். மெமோ கொடுத்த பிறகு இவள் வாலாட்ட மாட்டாள் என்று அவருக்கு நம்பிக்கை. இவளும் தலையை ஆட்டாமல் நின்றுவிட்டு வந்தாள். அவர் இழுப்பறையில் பூட்டி வைத்தது காகிதத்தைத்தான். கணக்கு அவளிடமே இருந்தது.

திரையில் முதல் வரைபடம் வந்தபோது நல்லுசாமி செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரைபடத்தில் வெட்டிய ஈஸ்ட்டும் வெட்டாத ஈஸ்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே உயரத்தில் நின்றன. அவர் தலை நிமிர்ந்தது. ஏஞ்சல் மேரி நிறுத்தவில்லை. பிரேக் மரபணு என்று நினைத்தது பிரேக் இல்லை, அதை வெட்டியதால் ஒரு பலனும் இல்லை, பம்ப்பைப் பதினெட்டு மணி நேரம் நிறுத்தியதுதான் காரணம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்டோபர் நோட்டின் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்துக் காட்டினாள்.

சசிகலா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பம்ப்பை அந்த நேரத்தில் நிறுத்தலாம் என்று முதலில் யோசித்தது யார் என்று கேட்டார்.

ஏஞ்சல் மேரி நடந்ததைச் சொன்னாள். கொளஞ்சி அண்ணன், ஆயுத பூஜை, உயிர் இருப்பது கருவி இல்லை என்று அவர் நினைத்தது, எல்லாவற்றையும். இளவரசன் வாய்விட்டுச் சிரித்தார். சசிகலா சிரிக்கவில்லை. வெட்டிய மரபணு பொய்த்துப் போனதைவிட இது பெரிய விஷயம், ஆய்வேட்டின் மையமாக இதையே வையுங்கள் என்றார்.

ஏஞ்சல் மேரி நல்லுசாமியைப் பார்த்தாள். கத்தப் போகிறார், எழுந்து போகப் போகிறார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரித்தார். எழுந்து நின்று கோட்டைச் சரிசெய்துகொண்டார். மேடம், ஒரு சின்னத் திருத்தம், அது பூஜை இல்லை, அது என்னுடைய டிசைன் என்றார். நைட்ரஜனை நடுவில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தன் மனதில் இருந்ததாம். மலேசியா போவதற்கு முன்னால் உதவியாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனாராம். மாணவிக்கு அது தெரியாதாம். செய்முறைப் பகுதியில் 'ஆய்வு வழிகாட்டியின் அறிவுறுத்தலின்படி' என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், இப்போதே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தார்.

எட்டு மாதம் பொய்யைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர், உண்மைக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்த அரை நிமிஷத்தில் அதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏஞ்சல் மேரி படிவத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு வரி. கணக்கு எல்லாம் உண்மையாகவே இருக்கும். பட்டம் வந்துவிடும். ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, போனால் போகட்டும் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்துக் கொளஞ்சி டீத் தட்டோடு உள்ளே வந்தார். நல்லுசாமி விடவில்லை. அவர் தோளில் கை வைத்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் கொளஞ்சியின் தோளைத் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"என்னப்பா கொளஞ்சி, பம்ப்ப நிறுத்தச் சொன்னது நான்தானே? மேடம்கிட்ட சொல்லு."

கொளஞ்சி தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. அவருக்கு ஒரு மகள் நர்சிங் படிக்கிறாள். மெமோவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

"ஆமாங்க சார்" என்றார்.

பூஜை போட்ட மனிதர், அன்றைக்கு நடந்ததை ஒளிக்காமல் அப்படியே சொன்ன மனிதர், டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து பொய் சொன்னார். அதைப் பார்த்ததும் ஏஞ்சல் மேரியின் பயம் போன இடம் தெரியவில்லை.

"சார், நீங்க சொல்லித்தான் அண்ணன் நிறுத்தினாருன்னா, போன மாசம் அதுக்கு அவருக்கு எதுக்கு மெமோ குடுத்தீங்க?"

எந்த மெமோ என்று சசிகலா கேட்டார். அது நிர்வாக விஷயம், இங்கே தேவையில்லை என்றார் நல்லுசாமி. சசிகலா அவர் பக்கம் திரும்பாமல் கொளஞ்சியிடம் கையை நீட்டினார். கொளஞ்சி தட்டை வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மடிப்பைப் பிரித்துக் கொடுத்தார். சசிகலா அதை வாய்விட்டு வாசித்தார். 'நான் வெளிநாட்டில் இருந்த சமயத்தில், யாருடைய அனுமதியும் இல்லாமல்' என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை வாசித்தார். இளவரசன் டீயை எடுத்து ஊத ஆரம்பித்தார்.

பிறகு நடந்தது எல்லாம் மளமளவென்று நடந்தது. செய்முறைப் பகுதியில் மாணவி சொன்னது சொன்னபடியே வர வேண்டும் என்று சசிகலா குறிப்பில் எழுதினார். பம்ப்பை நிறுத்தியவர் பெயரும் ஊரும் காரணமும் உட்பட. மெமோவை நல்லுசாமி பக்கம் தள்ளி, இது நிற்காது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்லுசாமி அதன் குறுக்கே 'ரத்து' என்று கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்தபோது முகத்தில் பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்தது. அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிற சிரிப்பை ஏஞ்சல் மேரி அதுவரை பார்த்ததில்லை. சின்னப் புரிதல் குறைபாடு, முடிந்து போச்சு, கையெழுத்தைப் போடும்மா என்று படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

படிவம் மேஜை மேல் இருந்தது. எட்டு மாதமாக அவள் கேட்டுக் கேட்டு அலைந்த படிவம். மாணவி போட்டால்தான் மற்றவர்கள் போட முடியும். அவள் பேனாவை எடுத்தாள்; மூடியைத் திறக்கவில்லை. சுவர் ஓரமாக நின்ற கொளஞ்சியைப் பார்த்தாள். வேலை தப்பித்துவிட்டது. ஆனாலும் அவர் தலை நிமிரவில்லை.

"மொதல்ல கொளஞ்சி அண்ணன்கிட்ட மன்னிப்பு கேளுங்க சார்" என்றாள்.

நல்லுசாமிக்கு முதலில் விளங்கவே இல்லை. மெமோவைத்தான் ரத்து செய்தாயிற்றே என்றார்.

"மெமோவுக்கு இல்ல சார். இத்தன பேரு முன்னாடி அவரப் பொய் சொல்ல வச்சீங்க பாருங்க, அதுக்கு."

இளவரசன் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு எதற்கம்மா, பெரியவர் அவர் என்றார். கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் என்றும் நினைவுபடுத்தினார். தெரியும் சார் என்றாள். பேனா மூடியபடியே இருந்தது. நல்லுசாமி சசிகலாவைப் பார்த்தார். அவர் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்லுசாமி ஜன்னலைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். ஆறு வருஷம் இவள் அவருடைய கையெழுத்துக்குக் காத்திருந்தாள். ஆறு நிமிஷம் இவளுடைய கையெழுத்துக்குக் காத்திருக்க அவரால் முடியவில்லை.

"மன்னிச்சுக்க கொளஞ்சி" என்றார். மேஜையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

கொளஞ்சி பதறிப்போய்ப் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் கூப்பினார்.

"பரவாயில்லீங்க சார்."

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க அண்ணே" என்றாள் ஏஞ்சல் மேரி. அவர் கூப்பிய கையைக் கீழே விடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் பேனாவின் மூடியைத் திறந்தாள்.